விறகு போய்க் கரி வந்தபோது: கொரியக் கிராம வீட்டின் தரையடித் தீ

கொரியாவின் சுங்சோங் மாகாண உட்பகுதிகளில் ஜனவரி இரவு உறைநிலைக்கு 8, 10 டிகிரி கீழே இறங்குவது சாதாரணம். குளிரலை வந்தால் மைனஸ் 15 வரை போகும். மண் சுவரும் வைக்கோல் கூரையும் கொண்ட வீட்டில், காலையும் மாலையும் மூட்டும் அடுப்புத் தீயை மட்டும் வைத்தே அங்கே ஒரு குடும்பம் சோறாக்கி, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சி, விடியும்வரை வெதுவெதுப்பான தரையில் படுத்துறங்கியது. ஒண்டோல் என்னும் இந்தத் தரையடிச் சூட்டு ஏற்பாடு பல நூறு ஆண்டுகள் விறகிலும் வைக்கோலிலும் ஓடியது. நகரங்களில் 1950களின் பிற்பாதியிலும் கிராமங்களில் 1970களிலும் அதே அடுப்பு வாய்க்குள் விறகுக்குப் பதில் நிலக்கரி உருளை போனது. அதன்பின் குளிர்காலந்தோறும் மக்கள் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். சில வீடுகளில் குடும்பம் குடும்பமாக.

தரை அதே தரை, புகைப்போக்கியும் அதேதான். எரிபொருள் மாறியவுடன் அந்த அமைப்பு ஏன் ஆளைக் கொன்றது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. அதற்கு முதலில் தீ எந்த வழியே போனது என்று தெரிய வேண்டும்.

தீயின் பாதை

எளிய கிராம வீடு மூன்று கட்டு. ஒரு கட்டு என்பது ஏறத்தாழ எட்டடிக்கு எட்டடி. ஓரத்தில் சமையல்கட்டு, அதையடுத்துக் குடும்பம் படுக்கும் உள்ளறை, அதற்கப்பால் மேலறை எனப்படும் கடைசி அறை. சமையல்கட்டின் தரை மட்டும் மற்ற அறைகளைவிட இரண்டு, இரண்டரை அடி பள்ளமாக இருக்கும். அடுப்பு வாய் அறைத்தரைக்குக் கீழே இருந்தால்தான் தீ மேல்நோக்கி ஏறித் தரையடியில் பரவும் என்பதால் இந்தப் பள்ளம். சமைக்கும் பெண்கள் நாளெல்லாம் ஏறி இறங்கி அவதிப்பட்டதற்கும் இதுதான் காரணம்.

அடுப்புக்கு மேலே களிமண் திண்டில் வார்ப்பிரும்புக் கொப்பரைகள் இரண்டோ மூன்றோ பதித்திருக்கும். பெரியது வெந்நீருக்கு, நடுவானது சோற்றுக்கு, சிறியது குழம்புக்கு. தீ கொப்பரையின் அடியைத் தடவிவிட்டு அணையாமல் அறைக்குள் போகும். நம்மூர்க் கொடியடுப்பில் ஒரு வாயில் எரியும் தீ பக்கத்து வாய்க்கு ஓடுமே, அந்தப் பக்கத்து வாயைப் பதினைந்து அடி நீட்டி அறையின் தரையாகவே கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம்.

கொப்பரைக்குப் பின்னால் பாதை சட்டென்று குறுகிச் செங்குத்தாக ஏறும். இந்தக் கழுத்துதான் ஒண்டோல் கொத்தனாரின் கைத்திறன் தெரியும் இடம். அகலமாக விட்டால் தீ சோம்பேறியாகப் போகும், காற்று திரும்பினால் புகை சமையல்கட்டுக்கே வந்து சேரும். மிகக் குறுக்கினால் கொப்பரைக்கு அடியிலேயே தீ தேங்கும், தரைக்குச் சூடு வராது. கழுத்தைத் தாண்டியதும் சிறு மண் வரப்புகளுக்கு இடையே நாலைந்து புகைக் கால்கள், அதாவது புகை போகும் வாய்க்கால்கள், அறையின் நீளத்துக்கு ஓடும். அவற்றின் மேல் 5 முதல் 8 செ.மீ. கனமுள்ள பலகைக்கற்கள். கற்களின் சந்துகளைச் சல்லியும் குழைத்த மண்ணும் வைத்து அடைத்து, மேலே காய்ந்த மண் நிரப்பி, களிமண் பூசி மட்டம் பார்ப்பார்கள். காய்ந்தபின் பல அடுக்குத் தாள். மேல்தாளில் ஊறவைத்து அரைத்த சோயாவை பெரில்லா விதை எண்ணெயோடு துணிமூட்டையில் கட்டித் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். தரை மஞ்சள் பாரித்துப் பளபளக்கும், தண்ணீர் பட்டாலும் ஊறாது.

அடுப்புப் பக்கம் கனத்த கல், கனத்த மண்பூச்சு. தூரப்பக்கம் மெல்லிய கல், மெல்லிய பூச்சு. இல்லாவிட்டால் அடுப்பை ஒட்டிய இடத்தில் தாள் கருகும், மறுகோடியில் தரை பச்சைத் தண்ணீராகக் கிடக்கும். இவ்வளவு செய்தும் சூடு சமமாக வராது. அடுப்புப் பக்கத்துச் சூடான இடம் முதியவர்களுக்கும் விருந்தாளிக்கும் உரியது. தூரப்பக்கம் இரவில் வைத்த குடிநீர்க் கிண்ணம் காலையில் உறைந்திருப்பதும் உண்டு.

புகைக் கால்கள் முடியும் இடத்தில், சுவரோரமாக ஆழமான குறுக்குக் குழி ஒன்று இருக்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு அது வேண்டாத வேலையாகத் தெரியலாம். பறந்து வரும் சாம்பலும் கரியும் அதில்தான் விழும், புகைப்போக்கியில் திடீரென்று கீழ்நோக்கி அடிக்கும் குளிர்காற்றும் அதில்தான் வேகம் தணியும். குழியைத் தாண்டி, வீட்டுக்கு வெளியே, புகைப்போக்கி.

ஒரு நாளின் சமையல்

ஐந்து பேருக்கு ஒரு கிலோ பச்சரிசியைக் கழுவி அரைமணி ஊறவைத்து, உள்ளங்கையை அரிசிமேல் படிய வைத்தால் புறங்கை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். கொப்பரையின் மூடி பல கிலோ எடையுள்ள இரும்பு. ஆவி எளிதில் தப்பாது. பைன் சுள்ளியும் காய்ந்த ஊசியிலையும் வைத்துத் தீயை விரைவாக ஏற்றுவார்கள். மூடியின் விளிம்பில் கஞ்சித்தண்ணீர் துளித்துளியாகக் கசிந்து வழிந்ததும் விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். அதற்குமேல் எரித்தால் அடி கருகும். பத்து நிமிடம் தணல் சூட்டில் விட்டு, கைப்பிடிச் சுள்ளியை ஒரு நிமிடம் மறுபடி எரித்து ஈரத்தை இழுக்கவைத்து, மூடியைத் திறக்காமல் இன்னும் பத்து நிமிடம் புழுங்க விடுவார்கள். சோற்றை எடுத்தபின் அடிப்பிடித்த பொன்னிறக் காந்தல்மேல் தண்ணீர் ஊற்றினால், கொப்பரையில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே அது கொதிக்கும். சாப்பாட்டுக்குப்பின் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

மாட்டுக் கஞ்சிதான் பெரிய வேலை. நறுக்கிய வைக்கோல், தவிடு, அவரையினக் கொடிச் சருகு, அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பெரிய கொப்பரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும். வசதியுள்ள வீடுகளில் இந்தக் கொப்பரை ஆண்கள் தங்கும் புற அறையின் அடுப்பில் இருக்கும். மாட்டுக்கு இரை வேகும் தீதான் அந்த அறைக்குச் சூடு.

நவம்பர் கடைசியில் முட்டைக்கோசும் முள்ளங்கியும் உப்பிட்டுக் கிம்ச்சி போட்டு, சால்களை மண்ணில் கழுத்துவரை புதைத்துவிடுவார்கள். மண்ணுக்கடியில் வெப்பம் உறைநிலையை ஒட்டியே நிற்பதால் அது உறையாமலும் புளித்துப்போகாமலும் வசந்தம் வரை வரும். தீயில்லாமல் கிடைக்கும் காய்கறி அது. அதனால் தினசரித் தீ சோற்றுக்கும் ஒரு குழம்புக்கும் போதும். சோயாவை மணிக்கணக்கில் வேகவைத்துக் கட்டிபிடிக்கும் நாள் மட்டும் விதிவிலக்கு. அன்றிரவு அடுப்புப் பக்கம் படுக்க முடியாத அளவுக்குத் தரை காயும். அந்தக் கட்டிகள் காய்ந்தபின் புளிப்பேறப் போவதும் இதே சூடான அறைக்குள்தான்.

சமையல் முடிந்ததும் நீண்ட பிடியுள்ள மரத் துடுப்பால் தணலை இழுத்துக் கணப்புச் சட்டியில் போட்டு, நீறு மூடி, அறைக்குள் கொண்டுவருவார்கள். முக்காலியில் வைத்த மண்சட்டியில் சோயாக் குழம்பு அதன்மேல் மெல்லக் கொதித்துக்கொண்டே இருக்கும். இது முற்றிலும் ஆபத்தில்லாதது அல்ல. தணலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை விடும். தாள் ஒட்டிய மரச்சட்டக் கதவுகளில் காற்று புகுந்து வெளியேறியதால்தான் பெரும்பாலும் தப்பித்தார்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் சிமெண்டுச் சுவரும் கண்ணாடிச் சன்னலும் உள்ள அறையை இறுகச் சாத்திவிட்டு உள்ளே கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போவது அந்தக் காற்று இல்லாததால்தான்.

விறகில் வந்த கோளாறுகள்

விறகுக் காலத்திலும் இந்தத் தரை தொல்லை கொடுத்தது. ஆனால் கோளாறு வந்தால் கண் எரியும், இருமல் வரும், புகை தெரியும். மழைமூட்டமும் காற்றழுத்தத் தாழ்வும் உள்ள நாளில் புகை திரும்பி வந்தால், முதலில் ஒரு பிடி வைக்கோலை வேகமாக எரித்துப் புகைப்போக்கியைச் சூடாக்கிவிட்டு விறகு வைப்பார்கள். ஆண்டுக்கொரு முறை இலையுதிர் காலத்தில் குழியையும் கால்களையும் தூர்வாரவில்லை என்றால் கரி அடைத்துக்கொண்டு மேலறைக்குச் சூடே போகாது. எலி வளை தோண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் மண் காய்ந்து சுருங்கி விரிசல் விடும். இந்த மூலைதான் அதிகம் கசியும் இடம், நடுத்தரை அபூர்வம். ஈரமான பைன் இலையை அடுப்பில் புகையவிட்டு, அறையை இருட்டாக்கி, விளக்கைத் தரையோரமாக நகர்த்திப் பார்த்தால் விரிசல் இருக்கும் இடம் புகை நூலாகக் காட்டிக்கொடுக்கும். குழைத்த மண்ணை உள்ளே திணித்துப் பூசி, மேலே தாள் ஒட்ட வேண்டும். தாள் மட்டும் ஒட்டினால் விரிசல் மறைகிறதே தவிர அடைபடுவதில்லை.

கரி உருளை

ஜப்பானியக் காலனிக் காலத்திலும், 1950 முதல் 1953 வரை நடந்த போரிலும் தென்கொரிய மலைகள் மொட்டையாகிவிட்டன. 1973 இல் தொடங்கிய பத்தாண்டுக் காடு வளர்ப்புத் திட்டத்தோடு மலையில் சுள்ளி பொறுக்கவும் கெடுபிடி வந்தது. மாற்று எரிபொருள் கங்வோன் மாகாணச் சுரங்கங்களின் அந்திரசைட் என்னும் கடின நிலக்கரி. தூளாக்கி, மண் போன்ற பிணைப்புப் பொருள் சேர்த்து, அச்சில் அழுத்திய உருளைக்கு யோன்தான் என்று பெயர். பரவலாகப் புழங்கியது 15 செ.மீ. விட்டம், 14 செ.மீ. உயரம், 3.6 கிலோ எடை, 22 துளைகள் கொண்டது. மலைகளை மறுபடி பச்சையாக்கியதில் இந்த உருளைக்குப் பெரும் பங்குண்டு. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

எரிக்கும் முறை இதுதான். கீழே பாதி எரிந்த உருளை, மேலே புதியது. இரண்டின் துளைகளும் நேருக்குநேர் வர வேண்டும், தவறினால் காற்று ஏறாமல் மேலது பற்றாது. காலையும் இரவும் நீண்ட இடுக்கியால் தணல் உருளையை வெளியே எடுத்து, அடியில் சாம்பலானதைத் தள்ளி, தணலைக் கீழே இறக்கி, புதியதை மேலே வைக்க வேண்டும். சில சமயம் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், வெட்டிப் பிரிக்க வேண்டும். அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு தணல் உருளையை வாங்கி வந்து, பதிலுக்குப் புதியதைக் கொடுப்பார்கள். எரிந்த உருளைகளை வழுக்கும் பனிச்சந்தில் உடைத்துப் போட்டு மிதித்து நடப்பார்கள். சமைக்கும்போது அடிக்காற்றுத் துளையைத் திறந்துவிட வேண்டும், படுக்கும்போது துணியால் அடைக்க வேண்டும். அடைத்தால் ஓர் உருளை பத்து மணி நேரத்துக்கும் மேல் தாங்கும். இந்த அடைப்புதான் பிறகு வினையானது.

ஏன் கொன்றது

கணக்குப் போட்டால் பாதி விடை கிடைக்கும். ஏழு கிலோ காய்ந்த சுள்ளி ஒன்றேகால் மணியில் எரிந்தால் அடுப்பின் வேகம் 20 கிலோவாட்டுக்கு மேல். அந்தச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு தரையில் தங்கினாலே உள்ளறையின் ஒன்றரை டன் கல்லும் மண்ணும் சராசரியாக 20 டிகிரிக்கு மேல் ஏறும். பிறகு தீயில்லாமலே விடியும்வரை கொடுத்துக்கொண்டிருக்கும். கரி உருளையின் வெப்பமதிப்பு கிலோவுக்கு சுமார் 4,500 கிலோ கலோரி. 3.6 கிலோவுக்கு 16,000 கிலோ கலோரி. பத்து மணி நேரத்துக்குப் பிரித்தால் இரண்டு கிலோவாட்டுக்கும் குறைவு.

20 கிலோவாட் பெருந்தீக்காகக் கட்டிய அகலமான, நீளமான பாதையில் இரண்டு கிலோவாட் தீ மினுக்கியது. வாயு வழியிலேயே ஆறிப்போகும். சூடான வாயுதான் புகைப்போக்கியில் ஏறும். ஆறியது கால்களிலேயே தங்கும், ஈரம் கோத்துப் பாதையை மேலும் அடைக்கும். விறகுத் தீ குடும்பம் விழித்திருக்கும்போது எரிந்து, படுக்கும் நேரத்தில் தணிந்துவிடும். கரித் தீயோ அவர்கள் உறங்கும் நேரம் முழுக்க உடலுக்கடியில் உயிரோடிருந்தது.

இனி வாயு. உருளையின் அடியில் காற்றோடு எரிந்து உண்டாகும் கார்பன் டைஆக்சைடு, தணலாயிருக்கும் துளைகள் வழியே மேலேறும்போது கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறும். மேலே போதிய காற்றும் சூடும் இருந்தால் அது நீலச் சுடராக எரிந்து தீர்ந்துவிடும். ஆனால் மேலே வைத்திருப்பது குளிர்ந்த, ஈரமான புது உருளை. சுடர் செத்துவிடுகிறது, வாயு எரியாமல் போகிறது. கீழே காற்றுத் துளையையும் துணியால் அடைத்தால் இன்னும் மோசம். மிக அதிகமாக நஞ்சு வரும் நேரம் உருளை மாற்றியதை அடுத்து வரும் நேரம். பெரும்பாலான வீடுகளில் உருளை மாற்றுவது படுக்கப் போகுமுன்.

அந்திரசைட்டில் புகைக்கும் பொருள் குறைவு என்பதால் கண்ணெரிச்சலும் இல்லை, மோனாக்சைடுக்கு மணமும் இல்லை. விறகுக் காலத்தில் விரிசலைக் காட்டிக்கொடுத்த சாட்சி போய்விட்டது. இதே ஆண்டுகளில் கிராமச் சீரமைப்பில் வைக்கோல் கூரை ஓடாகவும் கல்நார்த் தகடாகவும் மாறியது. குளிருக்குச் சன்னலில் பிளாஸ்டிக் தாள் அடித்தார்கள், கதவில் கண்ணாடி வைத்தார்கள். நச்சுவாயுக் கசிவு கூடிய அதே காலத்தில் அறை இறுகியது. இந்த இரண்டும் ஒன்றாக நடந்ததைத்தான் சாவுக்கு முக்கியக் காரணமாகக் கருத வேண்டும். ஒன்று மட்டும் நடந்திருந்தால் பாதிப்பு இவ்வளவு இருந்திருக்காது.

காற்றில் பத்து லட்சத்தில் 400 பங்கு மோனாக்சைடு இருந்தால் ஓரிரு மணியில் தலைவலி. 800 பங்கில் முக்கால் மணியில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மூன்று மணியில் சாவு. 1,600 பங்கில் இருபது நிமிடத்தில் தலைவலி, இரண்டு மணிக்குள் சாவு. தூங்குகிறவருக்குத் தலைவலி தெரியாது. விழித்தாலும் முதலில் கால் துவளும்; கதவு நாலடி தூரத்தில் இருந்தும் எட்ட முடியாமல் போனவர்கள் ஏராளம்.

மயங்கிக் கிடப்பவருக்கு முள்ளங்கித் தண்ணீர்க் கிம்ச்சியின் சாற்றைப் புகட்டும் வழக்கம் நாடெங்கும் இருந்தது. அது நஞ்சை முறிக்காது. நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி அதுவே உயிரை எடுக்கும். செய்ய வேண்டியது: கதவு சன்னலைத் திறந்துவிட்டு ஆளை வெளியே இழுப்பது, ஆடையைத் தளர்த்திப் பக்கவாட்டில் கிடத்துவது, மூச்சு நின்றிருந்தால் செயற்கைச் சுவாசம், உடனே ஆக்சிஜன் கிடைக்கும் மருத்துவமனை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும் இந்த வாயு, சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய நாலைந்து மணி ஆகும். முழு ஆக்சிஜனில் சுமார் 80 நிமிடம். உயரழுத்த ஆக்சிஜன் கூண்டில் அரைமணிக்குள். பிழைத்து வீடு திரும்பியவரையும் சில வாரம் கவனிக்க வேண்டும். நினைவு மங்குவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது ஆகியவை நன்றாகத் தேறியபின் திடீரென்று வருவதுண்டு. குடும்பத்தார் இதை மனநோய் என்று தவறாக எண்ணிவிடுவார்கள்.

திருத்தங்கள்

புகைப்போக்கி உச்சியில் மின்விசிறி வைத்து உறிஞ்சவைத்தார்கள். மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். உருளையைச் சிறு வண்டியில் வைத்துத் தண்டவாளத்தில் தரையடிக்குத் தள்ளும் அமைப்பு வந்தது. சூடு கூடியது, ஆனால் நஞ்சின் ஊற்று படுக்கைக்கு இன்னும் அருகே போனது. மெத்தனமான வீடுகளில் தரைத்தாளை மட்டும் புதிதாக ஒட்டினார்கள்.

உண்மையான தீர்வு வாயுவைத் தரையிலிருந்து விலக்கியதுதான். கரி உருளையைச் சுற்றி நீருறை அமைத்த சிறு கொதிகலன் வீட்டுக்கு வெளியே நிற்கும். சூடான நீர் குழாய் வழியே தரையில் ஓடும். வாயு கொதிகலனிலிருந்து நேராக வெளிக் குழாயில் ஏறும். பழைய பலகைக்கல்லைத் தோண்டியெடுத்து, குழாயை வளைத்துப் பதித்து, சிமெண்டுக் கலவை பூசினார்கள். இதற்கும் அதற்கேற்ற தொல்லைகள் வந்தன. உருளை அணைந்த இரவில் குழாய்நீர் உறைந்து வெடிக்கும். பம்பு இல்லாத அமைப்பில் கொதிகலன் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் நீர் தானாகச் சுழலும். குழாயில் ஒரு வளைவு மேலே தூக்கியிருந்தாலும் அங்கே காற்று நின்று பாதி அறை குளிரும். சூடாகி விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுத்தொட்டி எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். ஆனால் தரை விரிசலால் யாரும் சாகவில்லை. சமையலறை பள்ளத்திலிருந்து மேலேறியது. தீயின் பாதையிலிருந்து சமையல் விடுபட்டு எரிவாயு அடுப்புக்குப் போனது.

கங்வோனின் ஜாங்சோங் சுரங்கம் 2024 இலும் தோக்யே சுரங்கம் 2025 இலும் மூடப்பட்டன. மலைச்சரிவுக் குடியிருப்புகளில் சில முதியவர்கள் இன்னும் உருளைதான் எரிக்கிறார்கள். மற்றவர்கள் எண்ணெயிலும் எரிவாயுவிலும் ஓடும் கொதிகலனுக்கு மாறிவிட்டார்கள். 2018 டிசம்பரில் காங்னுங் நகரில் ஒரு தங்கும் விடுதியில் பள்ளி மாணவர்கள் பத்துப் பேர் மோனாக்சைடால் மயங்கிக் கிடந்தார்கள், மூவர் இறந்தார்கள். எரிவாயுக் கொதிகலனின் புகைக்குழாய் இணைப்பு கழன்று, வாயு வெளியே போகாமல் கட்டிடத்துக்குள்ளேயே பரவியிருந்தது. விறகும் கரியும் போய் மூன்றாவது எரிபொருள் வந்தபின்னும் தவறு அதே இடத்தில், எரிந்த வாயு வெளியேறும் வழியில்தான் நேர்ந்தது. 2020 இல் விடுதிகளின் எரிவாயுக் கொதிகலன்களுக்கு மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. வீட்டுக் கொதிகலனைப் பார்க்கிறவர்கள் குளிர்காலம் தொடங்குமுன் முதலில் கைவைத்து அசைத்துப் பார்க்க வேண்டியது அந்த இணைப்பைத்தான்: குழாய் உள்ளே முழுதாக நுழைந்திருக்கிறதா, திருகு இறுகியிருக்கிறதா, வெளிமுனையில் பறவைக்கூடோ பனியோ அடைத்திருக்கிறதா என்று.